பரணில் கிடைத்த துரை துப்பாக்கி: சரிசெய்யலாமா?

கேள்வி: கோத்தகிரி பக்கம் எங்கள் பழைய வீட்டின் பரணைப் பிரித்தபோது ஒரு மரப்பெட்டி கிடைத்தது. உள்ளே ஒரு ரிவால்வர். 'டிரான்டர்', 'பர்மிங்காம்' என்று எழுத்து தெரிகிறது. கூடவே வெடிமருந்துக் குடுவை, ஈயக்குண்டு வார்க்கும் அச்சு, தகர டப்பாவில் கொஞ்சம் கேப்பு (ஹேமர் அடித்ததும் வெடித்து மருந்தைப் பற்றவைக்கும் சின்ன மூடி). டீ எஸ்டேட்டில் கணக்கராக இருந்த தாத்தாவுக்கு, ஊர் திரும்பிய துரை கொடுத்தது என்கிறார் அத்தை. காகிதம் எதுவும் இல்லை. சிலிண்டர் துருப்பிடித்துச் சுற்றவில்லை, ஹேமர் ஸ்பிரிங் உடைந்திருக்கிறது. பழைய துப்பாக்கிகள் என்றால் எனக்கு உயிர். குன்னூரில் ஒரு லேத் பட்டறைக்காரர் ஓடவைத்துத் தருகிறேன் என்கிறார். நூறு வருடத்துக்கு மேல் பழசு, லைசென்ஸ் வேண்டாம்தானே?

பதில்: பட்டறைக்கு மட்டும் கொடுத்துவிடாதீர்கள். துரு எடுப்பதையும் நிறுத்துங்கள்.

இத்தனை வருடப் பழசு என்றால் லைசென்ஸ் தேவையில்லை என்று 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டத்தில் எங்கும் இல்லை. அமெரிக்காவில் 1898 வரை செய்த துப்பாக்கிகளுக்கு அப்படி ஒரு சலுகை உண்டு. அந்த ஊர் வீடியோவைப் பார்த்துவிட்டு இங்கேயும் அப்படித்தான் என்று நம்பிவிடுகிறார்கள். நம்மிடம் இருப்பது பிரிவு 45(சி). வழக்கொழிந்ததோ, தொன்மை மதிப்புள்ளதோ, பழுதானதோ, ஓர் ஆயுதத்தைப் பழுது பார்த்தாலும் சுட முடியாது என்றால்தான் விலக்கு. 'பழுது பார்த்தாலும்' என்பதைக் கவனியுங்கள். ஸ்பிரிங் மாற்றினால் சுடும் என்றால், உடைந்து கிடக்கும் இன்றைக்கே அது துப்பாக்கிதான். ஒருவேளை துரு அரித்து இனி எதற்கும் ஆகாத நிலையில் இருந்தால், அந்த நிலைதான் உங்களுக்குப் பாதுகாப்பு. அதைச் சரிசெய்யப் போனால் விலக்கை நீங்களே அழித்த மாதிரி.

விசையை (ட்ரிகர்) சுற்றியிருக்கும் காப்பு வளையத்துக்குக் கீழே இன்னொரு விசை நீட்டிக்கொண்டிருக்கிறதா? இருந்தால் அது 1853-ல் பர்மிங்காம் துப்பாக்கித் தயாரிப்பாளர் வில்லியம் டிரான்டர் காப்புரிமை பெற்ற இரட்டை விசை அமைப்பு. கீழ் விசையை இழுத்தால் சிலிண்டர் திரும்பி ஹேமர் ஏறும். மேல் விசை சுடும். நுணுக்கமான வேலை, உங்கள் ஆசை புரிகிறது. ஆனால் கேப்பில் வெடிக்கும் இந்த முறைதான் மலைக்காட்டில் இன்றும் பிடிபடும் நாட்டுத் துப்பாக்கியிலும் இருக்கிறது. வழக்கொழிந்த ரகம் என்ற வாதம் ஸ்டேஷனில் எடுபடாது.

லைசென்ஸ் இல்லாமல் வைத்திருந்தால் 2019 திருத்தத்துக்குப் பிறகு 2 முதல் 5 ஆண்டு வரை சிறை. உரிமமின்றித் துப்பாக்கியைப் பழுது பார்ப்பது அதைவிடப் பெரிய குற்றம்: குறைந்தது 7 ஆண்டு, ஆயுள் வரை போகலாம். பாவம், அந்தப் பட்டறைக்காரருக்கு இது தெரிந்திருக்காது.

இதுவரை நீங்கள் குற்றவாளி இல்லை. அறிந்தே வைத்திருந்தால்தான் குற்றம் என்று உச்ச நீதிமன்றம் 1972-ல் குன்வந்த்லால் வழக்கிலேயே சொல்லியிருக்கிறது. ஆனால் இப்போது உங்களுக்குத் தெரியும். இனி தாமதிக்கிற ஒவ்வொரு நாளும் உங்களுக்கு எதிராகத்தான் பேசும்.

பெட்டியைக் கிடைத்த நிலையிலேயே படம் எடுங்கள், எண்ணும் முத்திரையும் தெரியும்படி. வாட்ஸ்அப்பில் யாருக்கும் அனுப்ப வேண்டாம். கேப்பைத் தட்டவோ சூடு காட்டவோ கூடாது, பழசானாலும் வெடிக்கும். சட்டப்படி அதுவும் வெடிபொருள் கணக்குதான். எப்போது, எங்கே, யார் முன்னால் கிடைத்தது என்று காவல் நிலையத்துக்கு மனு எழுதி, ஊட்டியில் மாவட்ட ஆட்சியருக்கும் நகல் அனுப்புங்கள். லைசென்ஸ் இல்லாத வழக்குத் தொடர அவருடைய முன் அனுமதி வேண்டும் என்பதால், நீங்களாக வந்து சொன்னது அவர் மேஜையில் பதிவாகியிருப்பது முக்கியம். துப்பாக்கியைப் பையில் போட்டு பஸ்ஸில் எடுத்துப் போகாதீர்கள். முதலில் போன் செய்து, அவர்களையே வந்து எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அச்சு, குடுவை, கேப்பு எல்லாவற்றையும் சேர்த்தே ஒப்படைத்து, ஒவ்வொன்றும் எழுதிய ரசீது வாங்குங்கள்.

அப்புறம், இது பழுது பார்த்தாலும் சுடுமா என்று நிபுணர் பரிசோதனை கேட்டு மனு போடுங்கள். சுடாது என்று எழுத்தில் வந்துவிட்டால் திருப்பிக் கேட்கலாம்; மரப்பெட்டியைப் புதுப்பித்து அழகு பார்க்கலாம். சுடும் என்று வந்தால் லைசென்ஸுக்கு விண்ணப்பிக்க வேண்டும், பழுது வேலையும் உரிமம் பெற்றவரிடம்தான். தாத்தா பெயரில் லைசென்ஸ் இருந்திருந்தால் வாரிசு என்ற முறையில் கேட்பது சுலபம், ஆகவே அத்தையிடம் பழைய காகிதங்களை இன்னொரு முறை தேடச் சொல்லுங்கள். அதுவும் இல்லை, லைசென்ஸும் மறுக்கப்பட்டது என்றால் ஊட்டி அரசு அருங்காட்சியகத்துக்குக் கொடுக்க விருப்பம் என்று ஆட்சியருக்கு எழுதலாம். வெளிநாட்டுக்காரர் யாராவது நல்ல விலை சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். நூறு ஆண்டு கடந்த தொல்பொருளைத் தனியார் வெளியே அனுப்ப 1972-ம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் விடாது.