வேலூர் பக்கம் ஒயின் திராட்சை வைத்தால் தேறுமா? கேபர்னே சாவினியோன் போடலாமா?

தேறும். ஆனால் கேபர்னே என்று பெயர் சொல்லிக் கேட்பதைப் பார்த்தால், பெங்களூரு பக்கம் ஏதோ தோட்டத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு உழத் தயாராகிவிட்டீர்கள் போலிருக்கிறது. என் மச்சானும் அப்படித்தான் வந்தார். "நந்தி மலைப் பக்கம் வருது, இங்கே ஏன் வராது?" என்றார். அந்த இடம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரம், வேலூர் 200 சொச்சம். பகல் வெயிலைக்கூட விடுங்கள், ராத்திரிதான் விஷயம். இங்கே ஏப்ரலில் மொட்டை மாடியிலேயே தூக்கம் வராது.

காய்க்குப் புளிப்பு தரும் மாலிக் அமிலம் சூட்டில் கரைந்துபோகும். ராத்திரியும் சூடு தணியாவிட்டால் இன்னும் வேகமாகப் போகும். இன்னொரு புளிப்பான டார்டாரிக் அமிலம் ஓரளவு நிற்கும். அதனால் ரகத்தைச் சோதிக்கும்போது இனிப்பைப் பார்த்து மயங்காதீர்கள். இந்த ஊர் வெயிலில் இனிப்பு தானாக ஏறும். பறிக்கிற அன்று எவ்வளவு புளிப்பு மிச்சம் என்று பாருங்கள்.

ஒடுகத்தூர் பக்கம் மாந்தோப்பு ஓரமாக ஷிராஸ், கேபர்னே, செனின் பிளாங்க், கிரெனாஷ் வைத்தேன். ஒப்பிட்டுப் பார்க்க பெங்களூரு ஆராய்ச்சி நிலையத்தின் அர்கா திரிஷ்ணாவும் ஒரு வரிசை. ஷிராஸ் 24 பிரிக்ஸ் (சாற்றின் சர்க்கரை அளவு) காட்டியதும் மச்சான் குதித்தார். பிஎச் பார்த்தால் 4-ஐத் தொட்டிருந்தது; இந்த எண் ஏறினால் புளிப்பு இறங்கிவிட்டது என்று அர்த்தம். வாயில் போட்டால் வெறும் தித்திப்பு. கேபர்னேவுக்கு நிறமே சரியாக ஏறவில்லை. கிரெனாஷ் வறட்சிக்கு அசரவில்லை, நிறம் மட்டும் கொஞ்சம் வெளிறல். புளிப்பை விடாமல் பிடித்தது செனின்தான், ஆனால் குலை நெருக்கம்; ஒரு கோடை மழை பெய்தால் அழுகல்.

"கேபர்னேதான் ராஜா" என்று அதற்குப் பிறகும் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த ராஜாவின் சொந்த ஊரான பிரான்ஸின் போர்தோவிலேயே, சூடு கூடுகிறது என்று 2021-இல் மார்செலான், தூரிகா நசியோனல், அல்வரீன்யோ உட்பட 6 புது ரகங்களுக்கு அனுமதி கொடுத்துவிட்டார்கள். தோட்டத்தில் 5 சதவீதம், கலவையில் 10 சதவீதம் வரைதான் என்றாலும், அவர்களே மாற்று தேடும்போது நமக்கென்ன பிடிவாதம்?

ரகத்தைவிட எனக்குத் தலைவலி கொடுத்தது கவாத்து, அதாவது கொடியை எப்போது வெட்டிவிடுவது என்பது. நாசிக்கில் ஏப்ரலில் ஒரு வெட்டு, அக்டோபரில் காய்க்காக ஒரு வெட்டு. அதே கணக்கில் இங்கே அக்டோபரில் வெட்டினால் வடகிழக்குப் பருவமழை முழுக்கத் தளிர்மேல் கொட்டும். அடிச்சாம்பல் நோய் வந்து பூங்கொத்தோடு போகும். மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து அடித்து மாளாது. மழை விடட்டும் என்று டிசம்பர் நடுவில் வெட்டினால் பறிப்பு ஏப்ரல் கடைசிக்குப் போய் கத்திரி வாசலில் நிற்கும். நான் நவம்பர் கடைசியில் மழை ஓயும் இடைவெளி பார்த்து வெட்டுகிறேன். ஏப்ரல் தொடக்கத்துக்குள் விடியுமுன்னே பறித்துவிடலாம். பந்தல் பழைய முறை, கம்பியில் நிமிர்த்திக் கட்டு என்பார்கள். குலை இலை நிழலில் தொங்குவது பந்தலில்தான், இந்த வெயிலுக்கு அது வேண்டும்.

"வீட்டிலேயே காய்ச்சுகிறாயா?" என்று பின்னூட்டம் போடப் போகிறவர்களுக்கு: உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது தமிழ்நாட்டில் குற்றம் என்று எனக்கும் தெரியும். சாறு பிழிந்து அளப்பதோடு சரி. எங்கள் சொந்தக்காரர்களுக்கும் இதையே கல்யாண வீடுதோறும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

வேலூர் பக்கம் என்று பொதுவாகக் கேட்டிருக்கிறீர்கள். ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் என்றால் முதலில் கிணற்றுத் தண்ணீரின் உப்பைப் பாருங்கள். தோல் தொழிற்சாலைக் கழிவு பற்றி உச்ச நீதிமன்றம் 1996-லேயே தீர்ப்பு சொன்ன பகுதி அது. உப்பு இருந்தால் டாக்ரிட்ஜ் மாதிரி உப்பைத் தாங்கும் வேர்ச்செடியில் ஒட்டியதையே வாங்குங்கள். அப்பா வழி நிலம் எனக்கும் அங்கே கொஞ்சம் உண்டு. 2019-இல் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்த பிறகு அது திருப்பத்தூர், இது வேலூர். ஒரு பட்டா வேலைக்குப் போனால் "பழைய ஃபைல் அங்கே" என்று இவர்கள், "இன்னும் வரலையே" என்று அவர்கள். வட ஆற்காடாக இருந்த காலத்தில் ஒரே பஸ்ஸில் போய் முடித்துவிட்டு வரலாம். சரி, அதை விடுங்கள்.

குச்சி வாங்கும்போது பில்லில் ரகத்தின் பெயரை எழுதி வாங்குங்கள். கறுப்பு ரகமான ஷிராஸ் என்று எனக்குக் கொடுத்த வரிசையில் சில கொடிகள் வெள்ளைக் காய் காய்க்கின்றன, நர்சரிக்காரர் இன்னும் போனை எடுக்கவில்லை.