தென்னை நிழலில் கோ 5 புல் மெலிகிறது: யூரியாவைக் கூட்டலாமா?

கேள்வி: பொள்ளாச்சிப் பக்கம் 15 வயதுத் தென்னந்தோப்பில் அரை ஏக்கருக்கு ஊடுபயிராகக் கோ 5 கம்பு நேப்பியர் தீவனப்புல் நட்டு நான்கு மாதம் ஆகிறது. தண்டு குச்சியாக நிற்கிறது, தூர் கட்டவில்லை, இலை வெளுத்திருக்கிறது. 20 நாளுக்கு ஒருமுறை யூரியா போட்டும் தேறவில்லை. வளர்ந்ததை 25 நாளில் அறுத்து மூன்று கறவை மாடுகளுக்குப் போடுகிறேன், சாணம் இளகிப் போகிறது. யூரியாவைக் கூட்டலாமா? தோப்புக்கு வெளியே 25 சென்ட் வெறும் நிலமும் இருக்கிறது.

பதில்: கூட்டாதீர்கள். உடனே நிறுத்துங்கள். உங்கள் புல்லுக்குக் குறைவது உரம் அல்ல, வெயில்.

கம்பு நேப்பியர், கரும்பு, மக்காச்சோளம் எல்லாம் உச்சி வெயிலையும் முழுதாகப் பயன்படுத்தி வளரும் இனம். தென்னை ஏழு வயதிலிருந்து இருபது வயது வரை மட்டைகளை விரித்து அடர்ந்து நிழல் கட்டும். உங்கள் தோப்பு நடு வயதில் இருக்கிறது. சந்தேகம் இருந்தால், மரம் பட்டுப்போய் வெளிச்சம் விழும் இடத்துத் தூரையும் மட்டைக்கு நேர் கீழே உள்ள தூரையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரே மண், ஒரே தண்ணீர், ஒரே உரம். வித்தியாசம் தண்டின் பருமனிலேயே தெரியும். ‘சூப்பர் நேப்பியர்’ என்று விற்கும் கரணையை (நடும் தண்டுத் துண்டை) வாங்கி நட்டாலும் இதே கதைதான், அதுவும் வெயில் தேடும் புல்தான்.

யூரியாவை நிறுத்தச் சொல்வதற்கு மாடுகளும் காரணம். யூரியா மண்ணில் நைட்ரேட்டாக மாறும். வேர் உறிஞ்சிய அந்த நைட்ரேட்டைப் புரதமாக மாற்றப் பயிருக்கு வெளிச்சம் வேண்டும். நிழலிலும் தொடர்ந்த மேகமூட்டத்திலும் அது மாறாமல் அடித்தண்டில் தேங்கும். அப்படிப்பட்ட புல்லைப் பசித்த மாடு வயிறு நிறையத் தின்றால் மூச்சு இரைக்கும், தள்ளாடும், வாய்ச் சவ்வு நீலம் பாயும், இரத்தம் பழுப்பாக மாறும். இந்த அறிகுறிகளில் ஒன்று தெரிந்தாலும் தாமதிக்காமல் கால்நடை மருத்துவரை அழையுங்கள். உரிய நேரத்தில் ஊசி போட்டால் காப்பாற்றலாம். இப்போது நிற்கும் புல்லை அடியில் ஒரு அடி விட்டு மேலாக அறுத்து, முதலில் வைக்கோல் தின்ற மாட்டுக்குக் கொஞ்சமாகக் கலந்து கொடுங்கள்.

சாணம் இளகுவதற்கு 25 நாள் அறுப்பு முக்கியக் காரணமாக இருக்கலாம். இளம்புல்லில் நீர் அதிகம், நார் குறைவு. ஆக்சலேட் என்ற உப்பும் அதிகம்; அது தீவனத்திலுள்ள சுண்ணாம்புச் சத்தைப் பிடித்துக்கொள்ளும், கறவை மாட்டுக்கு அது நட்டம். புல்லுக்கும் கேடுதான்: அறுத்த கட்டை தன் சேமிப்பைச் செலவழித்துத்தான் துளிர்க்கிறது. திரும்பச் சேமிப்பதற்குள் மறுபடி அறுத்தால் தூர் ஒவ்வொன்றாகச் சாகும்.

ஆகவே கோ 5 புல்லை வெளியே உள்ள 25 சென்டுக்கு மாற்றுங்கள். இரண்டரை டன் மக்கிய தொழுவுரம் போட்டு உழுது, 60 செ.மீ. இடைவெளியில் பார் பிடியுங்கள். அடியுரமாக சூப்பர் பாஸ்பேட் 31 கிலோ, பொட்டாஷ் 7 கிலோ, யூரியா 16 கிலோ. பாரில் 50 செ.மீ.க்கு ஒன்றாக இருபருக் கரணை (இரண்டு கணுமொட்டுள்ள துண்டு) ஏறக்குறைய 3,300 வேண்டும். ஒரு பரு மண்ணுக்குள்ளும் ஒரு பரு வெளியேயும் இருக்கும்படி நடுங்கள். நிழலில் மெலிந்த தண்டிலிருந்து கரணை எடுக்க வேண்டாம். நன்கு முற்றிய தண்டின் நடுப்பகுதிதான் சீராக முளைக்கும். நட்டதும் ஒரு தண்ணீர், மூன்றாம் நாள் உயிர்த்தண்ணீர், பிறகு 10 நாளுக்கு ஒன்று. தண்ணீர் தேங்கவே கூடாது. 20ஆம் நாள் களை எடுத்து, 30ஆம் நாள் இன்னொரு 16 கிலோ யூரியா.

முதல் அறுப்பு 75 முதல் 80 நாளில், அடுத்தடுத்து 45 நாளுக்கு ஒருமுறை, 10 முதல் 15 செ.மீ. கட்டை விட்டு. யூரியா 16 கிலோவை ஒவ்வொரு அறுப்பு முடிந்த உடனே போட்டுத் தண்ணீர் கட்டுங்கள். அறுக்கப்போகும் வாரத்தில் போடும் யூரியா மாட்டின் வயிற்றுக்குத்தான் போகும். நிலத்தை ஒன்பது பாத்தியாகப் பிரித்து, ஒரு பாத்தியை ஐந்து நாளுக்கு வைத்துக்கொண்டால் சுழற்சி சரியாக வரும். யூரியாவும் அந்தந்தப் பாத்திக்கு ஒன்பதில் ஒரு பங்குதான். நல்ல பராமரிப்பில் இந்த ரகம் எக்டருக்கு ஆண்டுக்கு 360 டன் தரும், உங்கள் பரப்புக்கு அது நாளொன்றுக்கு 100 கிலோவை ஒட்டி வரும். அந்தக் கணக்கை எட்டாவிட்டாலும் மூன்று மாட்டுக்கு 25 கிலோ வீதம் போதும். மூன்று வரிசைப் புல்லுக்கு ஒரு வரிசை வேலிமசால் (பயறுவகைத் தீவனச் செடி) போட்டுச் சேர்த்து அறுத்தால் புரதக் குறை தீரும்; தாது உப்புக் கலவையையும் விடாதீர்கள். தூர் பெருத்து நடு காய்ந்தால் நான்காகப் பிளந்து முக்கால் பங்கை வெட்டியெடுங்கள்.

தோப்புக்குள் கினியாப்புல் வையுங்கள். கோ 3 ரகம் போதும். அது நிழலைத் தாங்கும் என்பதால் தென்னைக்கு ஊடே வைக்க ஏற்றது, ஆனால் வெளிநிலத்து விளைச்சலை எதிர்பார்க்க வேண்டாம். மரத்தைச் சுற்றி ஆறு அடி ஆரமுள்ள வட்டப்பாத்தியை விட்டுவிட்டு, 50க்கு 30 செ.மீ. இடைவெளியில் வேர்விட்ட தூர்களை நட்டால் அரை ஏக்கருக்கு 11,000 தூர் பிடிக்கும். 45 நாளில் முதல் அறுப்பு. தென்னைக்குரிய உரத்தைப் புல்லின் கணக்கில் சேர்க்காமல் வட்டப்பாத்தியில் தனியாகப் போட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் குரும்பை உதிரத் தொடங்கும்.