அவசரப் பைக்குப் பத்து அங்குலக் கத்தி வேண்டுமா?

கூடலூருக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் குடியிருக்கும் வாசகர் கேட்டிருக்கிறார்: "மழைக்காலத்தில் எங்கள் பாதையில் மரம் விழும், மண் சரியும். போன ஆடியில் குடும்பத்தோடு ஒரு ராத்திரி முழுக்க ஜீப்பிலேயே உட்கார்ந்திருந்தோம். இன்னொரு தடவை இரண்டு நாள் கரண்ட் இல்லை, கேஸும் தீர்ந்துவிட்டது. விறகெல்லாம் நனைந்துபோய் அடுப்பே பற்றவில்லை. அதனால் வண்டியில் ஓர் அவசரப் பை வைக்கப் போகிறேன். ஆன்லைனில் பத்து அங்குல சர்வைவல் கத்தி ஒன்றைப் பார்த்தேன். முதுகில் ரம்பப் பல், பிடிக்குள் திசைகாட்டி, தூண்டில் நரம்பு எல்லாம் இருக்கிறது. ஆயிரம் ரூபாய்க்குள்தான். வாங்கலாமா?"

வாங்க வேண்டாம். பெரிய கத்தி ஒன்று பையில் இருக்க வேண்டும் என்று நினைத்தது சரி. இந்தக் கத்திதான் சரியில்லை.

ஒரு கத்தியின் பலத்தில் பாதி, பிடிக்குள் மறைந்து கிடக்கும் இரும்பில் இருக்கிறது. அந்த உள் இரும்பை டேங் என்பார்கள். நாம் வால் என்றே வைத்துக்கொள்வோம். பிடிக்குள் திசைகாட்டியும் நரம்பும் வைக்க வேண்டுமென்றால் பிடி உள்ளே பொள்ளலாக இருக்க வேண்டும். அப்புறம் வாலுக்கு இடம் ஏது? ஓர் அங்குலத்தில் வெட்டி, நட்டு போட்டு முறுக்கி, பசை ஊற்றி மூடிவிடுவார்கள். 1980களில் சண்டைப் படங்களால் பிரபலமான வடிவம் இது. தேர்ந்த கைவினைஞர்கள் செய்த பொள்ளல் பிடிக் கத்திகள் உறுதியாகவும் இருந்தன, ஆனால் விலையும் அதற்கேற்ப இருந்தது. ஆயிரம் ரூபாய்க்குள் அந்த வேலைப்பாடு கிடைக்காது.

மலையேற்றத்துக்குச் சிறு குழுக்களை அழைத்துப் போகத் தொடங்கிய காலத்தில் நானும் இப்படி ஒன்று வைத்திருந்தேன். ஒரு மழை நாளில், காட்டுக்கு வெளியே ஒரு நண்பரின் தோட்டத்தில் விறகு பிளந்தேன். மணிக்கட்டு மொத்தம்கூட இல்லாத சில்வர் ஓக் கட்டை. நாலாவது அடியில் 'டக்' என்று ஒரு சத்தம். பிடி என் கையில் இருந்தது, அலகு பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரின் கால் விரலுக்கு நாலு விரற்கடை தள்ளி மண்ணில் குத்தி நின்றது. அன்றிலிருந்து எந்தக் கத்தியை எடுத்தாலும் முதலில் வால் எங்கே முடிகிறது என்றுதான் பார்க்கிறேன்.

முதுகில் இருக்கும் ரம்பப் பல்லுக்கும் ஒரு கதை உண்டு. அமெரிக்க விமானப் படையினருக்குக் கொடுத்த ஐந்து அங்குலக் கத்தியின் முதுகில் அந்தப் பல் வந்தது, விழுந்த விமானத்தின் அலுமினியத் தகட்டை அறுத்து வெளியே வருவதற்காக. மரம் அறுக்க வேறு பல் வேண்டும். தச்சரின் ரம்பத்தைப் பாருங்கள், பற்கள் ஒன்றுவிட்டு ஒன்று இடமும் வலமுமாகச் சாய்ந்திருக்கும். அப்போதுதான் வெட்டு அகலமாகி ரம்பம் சிக்காமல் ஓடும். கத்தி முதுகில் இருப்பது அப்படிச் சாயாத பல், அரை அங்குலம் போனதும் மாட்டிக்கொள்ளும். போதாததற்கு, முதுகில் கட்டையால் தட்டி விறகு பிளக்கவும் முடியாது, கட்டையைக் கடித்துத் துப்பிவிடும்.

சரி, உங்கள் பாதையில் கத்திக்கு உண்மையில் என்ன வேலை? வழியில் விழுந்த மரத்துக்கு அல்ல. பத்து அங்குலக் கத்தியால் தொடை மொத்த மரத்தை வெட்ட நினைத்தால் கை ஓய்ந்துபோகும், மழையில் கை வழுக்கினால் முழங்கால்தான் பலி. கிளைகளை ஒதுக்க ஒரு மடக்கு ரம்பம் வாங்குங்கள். எட்டு அங்குல ரம்பம் கை மொத்தக் கிளையை இரண்டு மூன்று நிமிடத்தில் அறுக்கும், கத்தியைவிடப் பல மடங்கு பத்திரமும்கூட. வில்லாக வளைந்து நிற்கும் கிளையைத் தொடாதீர்கள், அறுத்ததும் முகத்தில் அடிக்கும். மரத்தோடு மின்கம்பி இறங்கியிருந்தால் பக்கத்திலேயே போக வேண்டாம். அடிமரத்தை எந்திர ரம்பத்தோடு வருகிற தீயணைப்புத் துறைக்கு விட்டுவிடுங்கள்.

பெரிய கத்தியின் வேலை நீங்கள் சொன்ன இரண்டாவது சங்கடத்தில் இருக்கிறது, நனைந்த விறகில். ஒரு வாரம் மழையில் கிடந்த கட்டைகூட உள்ளே காய்ந்திருக்கும். நனைந்தது தோலும் அதற்கடுத்த ஒரு விரற்கடையும்தான். அந்த உலர்ந்த நடுப்பகுதிக்குப் போய்ச் சேர்வதுதான் வேலை. தரையில் கிடப்பதை எடுக்காமல், பட்டுப்போய் நிற்கிற மரத்தின் கிளையாகப் பாருங்கள். ஒரு முழத்துக்கும் குறைவாக அறுத்துக்கொள்ளுங்கள். ஒரு பலகை மேல் நிற்க வைத்து, தலையில் கத்தியை வைத்து, முதுகில் இன்னொரு கட்டையால் தட்டுங்கள். ஓங்கி அடிக்க வேண்டாம். அலகு உள்ளே இறங்கியதும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் முனைப்பக்கத்தில் தட்டிக்கொண்டே போனால் கட்டை பிளந்துவிடும். நான்காகப் பிளந்து நடுப்பகுதியைப் பென்சில் மொத்தக் குச்சிகளாக்கி, அதிலும் நாலைந்தைச் சீவிச் சுருள் சுருளாக விட்டால் ஒரே தீக்குச்சியில் பற்றும். உங்கள் ஊரில் தைல மரப் பட்டைக்குக் குறைவில்லை. காய்ந்த பட்டையை நார் நாராகக் கிழித்து, கவரில் கட்டிப் பையிலேயே போட்டு வையுங்கள்.

இந்த வேலைதான் கத்தியின் நீளத்தை முடிவு செய்கிறது. நாலு அங்குலக் கட்டையைப் பிளக்க ஏழு அங்குல அலகு இருந்தால் மூன்று அங்குலம் வெளியே நீட்டும், தட்ட அது தாராளம். அதனால் என் பதில் ஏழு, அதிகம் போனால் எட்டு. பத்து அங்குலத்தில் கத்தியின் பாரம் முன்னால் சாயும். வெட்டு வேகமாக விழும், ஆனால் குச்சி சீவ முடியாது, களைத்த கையில் அடங்கவும் அடங்காது. கனம் நாலு முதல் ஐந்து மில்லிமீட்டர் போதும். ஆறு, ஏழு என்று விளம்பரம் செய்வது கடப்பாரைக்குப் பொருந்தும்.

நீளத்துக்கு இன்னொரு எல்லையும் உண்டு. 2016-ன் ஆயுத விதிகளில் 9 அங்குலத்தைவிட நீளமான அல்லது 2 அங்குலத்தைவிட அகலமான அலகு கொண்ட கத்திகள் ஆயுதப் பட்டியலில் வருகின்றன. வீடு, விவசாயம், அறிவியல், தொழில் ஆகியவற்றுக்காகச் செய்தவற்றுக்கு விலக்கு உண்டு. பட்டியலில் இருப்பதாலேயே எல்லா ஊரிலும் உரிமம் கேட்பதில்லை. அரசு அறிவிக்கை செய்த பகுதிகளில்தான் கேட்கும். ஆனால் ராத்திரி சோதனைச் சாவடியில் டார்ச் வெளிச்சத்தில் நின்றுகொண்டு இதை விளக்கும் நிலைமை உங்களுக்கு வர வேண்டாம். ஏழு அங்குல நீளம், அகலமும் இரண்டு அங்குலத்துக்குள் என்றால் அந்தப் பேச்சே எழாது. கத்தியை உறையோடு, ரம்பம், கயிறு, முதலுதவிப் பெட்டியுடன் ஒரே பையில் கட்டி வண்டியின் பின்னால் வையுங்கள். டிரைவர் சீட்டுக்கு அடியில் வேண்டவே வேண்டாம்.

முதுமலை வழியாக மைசூருக்குப் போகும் வழக்கம் உண்டென்றால் இன்னும் கவனம் தேவை. 1972-ன் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்படி சரணாலயத்துக்குள் ஆயுதத்தோடு நுழைய, தலைமை வன உயிரினக் காப்பாளரின் எழுத்து அனுமதி முன்கூட்டியே வேண்டும். அந்தச் சட்டம் ஆயுதம் என்று சொல்வதில் கத்தியும் அடக்கம். மைசூர் பயணத்தன்று கத்தியை வீட்டில் வைத்துவிட்டுக் கிளம்புங்கள்.

இனி இரும்பு. தட்டிப் பிளக்கும் கத்திக்குத் துருப்பிடிக்காத எஃகைவிடக் கரி எஃகுதான் என் தேர்வு. விவரத்தில் 1095, 1075, 5160 என்று எஃகு ரகத்தின் எண் போட்டிருந்தால் நல்லது. 5160 என்பது வண்டி ஸ்பிரிங் பட்டைக்கான எஃகு, அடியைத் தாங்கும். வெறுமனே 'ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்' என்று மட்டும் போட்டு எண்ணே சொல்லாத கத்தியைத் தள்ளிவிடுங்கள். வால் பிடியின் கடைசி வரை, பிடியின் அகலத்துக்கே போயிருக்க வேண்டும். பிடியின் விளிம்பில் சுற்றிலும் இரும்பு தெரிந்தால் சந்தேகமே இல்லை. அமெரிக்க மரைன் படை 1942-ல் ஏற்றுக்கொண்ட கா-பார் கத்தியின் வால் ஒல்லிதான், அலகு ஏழு அங்குலம், அது ஒரு போரையே தாங்கியது என்று யாராவது சொல்வார்கள். உண்மைதான். ஒழுங்காகச் செய்த ஒல்லி வாலும் தாங்கும். ஆனால் ஒழுங்காகச் செய்ததா என்று படத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது, அகல வாலைக் கண்ணால் பார்த்துவிடலாம்.

நல்ல கம்பெனிக் கத்திக்குப் பல ஆயிரம் ஆகும். அதனால் ஆன்லைனில் தேடும் முன் ஒரு கொல்லர் பட்டறைக்குப் போய்ப் பாருங்கள் என்றுதான் சொல்வேன். விறகு வெட்ட அங்கே அடிக்கும் கத்தியை உங்கள் பக்கம் வெட்டுக்கத்தி என்பார்கள், கொங்கில் கொடுவாள். நல்ல பட்டறையில் அதை லாரி ஸ்பிரிங் பட்டையில்தான் அடிக்கிறார்கள், பல ஆயிரம் கொடுத்து வாங்கும் அதே குணமுள்ள எஃகு. தோட்டத்தில் இருக்கிற கவாத்துக் கத்தி இதற்கு ஆகாது. அது இழுத்துச் சீவ அடித்த மெல்லிய அலகு, மேலே தட்டினால் வளையும் அல்லது வாய், அதாவது கூர் விளிம்பு, உதிரும்.

பட்டறையில் தோய்ச்சல் போடுவதை, அதாவது காய்ச்சிய இரும்பைத் தண்ணீரில் தோய்த்துக் கெட்டியாக்குவதை, ஒரு தடவை பக்கத்தில் நின்று பாருங்கள். ஆசாரி அலகைச் செம்மஞ்சளாகக் காய்ச்சி, வாயை மட்டும் தண்ணீரில் காட்டி எடுப்பார். முதுகில் சூடு இன்னும் இருக்கும். வாயைச் செங்கல்லில் ஒரு தேய் தேய்த்து வெள்ளையாக்கிவிட்டுக் காத்திருப்பார். முதுகுச் சூடு மெல்ல வாய்க்கு இறங்க இறங்க, அந்த வெள்ளை இரும்பில் வைக்கோல் மஞ்சள் ஏறும், பிறகு பழுப்பு, பிறகு மயில்கழுத்து நிறம். மஞ்சளில் நிறுத்தினால் கூர் நிற்கும், ஆனால் கணுவில் பட்டால் வாய் உதிரும். நீலம் முழுக்க ஏறிவிட்டால் உதிராது, கூர் சீக்கிரம் மழுங்கும். பழுப்பு மயில்கழுத்தாக மாறுகிற அந்த நொடியில் முழுசாகத் தண்ணீரில் போட்டுவிடுவார். அவரிடம் கேட்க வேண்டியது இதுதான்: ஏழு அங்குல அலகு, வளைவு குறைவாக, முதுகு தட்டையாக, வால் பிடி முழுக்க, மூன்று ஆணி. சாதாரணக் கொடுவாளுக்கு ஒல்லி வாலும் பூணும் போடுவார்கள், அதனால் வாலைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

வாங்கும்போது வாயில் ஒரு சின்ன அரத்தை லேசாக இழுத்துப் பாருங்கள். மெழுகில் இறங்குவது போல் கடித்தால் தோய்ச்சல் ஏறவில்லை. கண்ணாடியில் போவது போல் வழுக்கினால் அளவுக்கு மேல் முறுகிவிட்டது. பிடித்தும் பிடிக்காமலும் போக வேண்டும்.

தோல் உறை அழகுதான், ஆனால் உங்கள் ஈரத்தில் அது வேண்டாம். தோல் தண்ணீரைக் குடித்து வைத்துக்கொள்ளும், ஒரே மாதத்தில் அலகு துரு ஏறும். பிளாஸ்டிக் உள்ளுறை உள்ள நைலான் உறை போதும். அலகுக்குத் தையல் மெஷின் எண்ணெய் தடவுங்கள். தேங்காய் எண்ணெய் நாளாக ஆகப் பிசுபிசுத்துக் காறிவிடும்.

பையில் இதோடு ஒரு நாலு அங்குலச் சின்னக் கத்தியும் வையுங்கள். கயிறு அறுக்க, பழம் நறுக்க, பிளாஸ்டிக் கிழிக்க அதுதான் கைக்கு வரும். ஒரு சாணைக்கல், கனமான துணிக்கட்டு இரண்டு ரோல். கத்தி தவறினால் போவது பெரும்பாலும் இடது கைக்கு, இல்லாவிட்டால் தொடையின் உள்பக்கத்துக்கு, அங்கே பெரிய ரத்தக்குழாய் ஓடுகிறது. அதனால் உட்கார்ந்துகொண்டு இரண்டு தொடைக்கும் நடுவே கட்டையை வைத்து வெட்டாதீர்கள். மண்டியிட்டு, கட்டையை உடம்புக்கு வெளியே வைத்து, கத்தி தவறினால் மண்ணில் இறங்கும்படி இருங்கள். பிடியில் இருக்கும் கயிற்றை மணிக்கட்டில் மாட்டிக்கொண்டு வெட்டவும் வேண்டாம், நழுவிய கத்தி ஊஞ்சலாடித் திரும்பி வரும்.

வைகாசி பிறப்பதற்குள் வாங்கி, மழை தொடங்கும் முன் வீட்டு முற்றத்தில் பத்துக் கட்டை பிளந்து பாருங்கள். வேண்டுமென்றே ஒன்றிரண்டை முதல் நாளே தொட்டித் தண்ணீரில் ஊறப் போட்டு, அதிலிருந்து அடுப்பு மூட்டிப் பாருங்கள். வீட்டில் வண்டி ஓட்டுகிற எல்லோரும் ஒரு தடவை செய்து பார்க்கட்டும்.