உச்சாவுக்குச் சரி, ஆய்க்கு மட்டும் டயப்பர் கேட்கிறாள்

கேள்வி: என் மகளுக்கு 2 வயது 8 மாதம். இரண்டு மாதமாக டயப்பரை விட்டுக் குழந்தைகளுக்கான டாய்லெட் சீட்டில் உட்காரப் பழக்குகிறோம். உச்சா வந்தால் அவளே சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்துகொள்கிறாள். ஆனால் ஆய் வந்தால் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு டயப்பர் கேட்கிறாள். கொடுக்காவிட்டால் இரண்டு, மூன்று நாள்கூட அடக்கிவைத்துக்கொள்கிறாள். கெஞ்சியும் பார்த்தோம், திட்டியும் பார்த்தோம். இது பிடிவாதமா, வேறு ஏதாவது பிரச்சினையா?

பதில்: அவள் கேட்கும்போது டயப்பரைக் கொடுத்துவிடுங்கள். இன்றைக்கே. இரண்டு மாதம் பட்ட பாடு வீணாகிவிடுமே என்று உங்களுக்குத் தோன்றும். வீணாகாது. இப்போதைக்கு அவள் எதில் போகிறாள் என்பது முக்கியமே இல்லை, வலியில்லாமல் அடக்காமல் போகிறாளா என்பதுதான் முக்கியம்.

இதைப் பிடிவாதம் என்று நான் சொல்லமாட்டேன். உச்சாவுக்குச் சொல்லிவிட்டுப் போகிற குழந்தைக்குப் பயிற்சி புரிந்துவிட்டது. ஆய்க்கு மட்டும் மறுக்கிறாள் என்றால், பெரும்பாலும் அதன் பின்னால் ஒரு பயம் இருக்கும். என்றைக்கோ ஒரு நாள் மலம் இறுகி, போகும்போது வலித்திருக்கலாம். ஒரு தடவை வலித்தாலே போதும், இந்த வயதுக் குழந்தை அடுத்த தடவை அடக்கப் பார்க்கும். அடக்க அடக்கப் பெருங்குடல் மலத்தில் இருக்கிற தண்ணீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். மலம் இன்னும் பெரிதாகி, கெட்டியாகி, அடுத்த முறை இன்னும் அதிகமாக வலிக்கும். பயப்பட்டது சரிதான் என்று குழந்தை முடிவு செய்துவிடும். இந்தச் சுற்றுக்குள் கெஞ்சலும் திட்டும் சேர்ந்தால் பயம் கூடத்தான் செய்யும்.

அவள் கதவுக்குப் பின்னால் நிற்கும்போது கவனித்துப் பாருங்கள். குதிகாலைத் தூக்கி நுனிக்காலில் நிற்கிறாளா? கால்களைப் பின்னிக்கொண்டு, முகம் சிவந்து, உடம்பை விறைப்பாக வைத்துக்கொள்கிறாளா? முக்குகிறாள், பாவம் வரமாட்டேன் என்கிறது என்றுதான் பெற்றோர் நினைப்பார்கள். பெரும்பாலும் அவள் முக்கவில்லை, வெளியே வராமல் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். இப்படியே பல வாரம் போனால் மலக்குடல் விரிந்து, நிறைந்திருக்கிற உணர்வே மங்கிவிடும். அப்புறம் கெட்டி மலத்தைச் சுற்றி இளகிய மலம் கசிந்து ஜட்டியில் படும். அதை வயிற்றுப்போக்கு என்று நினைத்து மருந்து கொடுத்துவிடுகிறார்கள். அடிப்படையில் அது மலச்சிக்கல்.

ஆகவே மலத்தை இளக்குவதுதான் முதல் வேலை. பழம், காய்கறி, போதிய தண்ணீர் எல்லாம் வேண்டும். பாலைப் பாருங்கள்: நாளுக்குச் சுமார் 500 மில்லிக்கு மேல் குடிக்கிற குழந்தைக்கு வேறு எதற்கும் பசி இருக்காது. ஆனால் இரண்டு, மூன்று நாள் அடக்குகிற குழந்தைக்குச் சாப்பாட்டு மாற்றம் மட்டும் போதாமல் போகலாம். உங்கள் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். எடையைப் பார்த்து லாக்டுலோஸ் அல்லது பாலிஎத்திலீன் கிளைக்கால் எழுதித் தருவார். இவை மலத்தில் தண்ணீரைத் தக்கவைத்து இளக்குகிற மருந்துகள், குடலைப் பழக்கத்துக்கு அடிமையாக்குவதில்லை. சில மாதம்கூடத் தேவைப்படலாம். ஒரு வாரம் நன்றாகப் போனதும் பெற்றோரே நிறுத்திவிடுவதும், மறு மாதம் பழையபடி வந்து நிற்பதும்தான் நான் அடிக்கடி பார்ப்பது. நீங்களாக எனிமா கொடுக்கவோ ஆசனவாயில் எதையும் வைக்கவோ வேண்டாம். பயந்த இடத்திலேயே கைவைத்ததாகிவிடும்.

இரண்டு, மூன்று வாரம் இளகிப் போன பிறகு, டயப்பரோடு இடத்தை மட்டும் மாற்றுங்கள். முதலில் கதவுக்குப் பின்னால் இல்லை, குளியலறைக்குள் நின்று போகட்டும். அது பழகியதும் டயப்பரோடே சீட்டில் உட்காரட்டும். அப்புறம் டயப்பரைத் தளர்த்தி, ஒரு நாள் கட்டாமல் கீழே விரித்து, கடைசியில் எடுத்துவிடலாம். ஒரு படியில் அவள் தயங்கினால் முந்தின படியிலேயே இன்னும் கொஞ்ச நாள் இருங்கள்.

உட்காரும்போது பாதம் தொங்கக் கூடாது. பெரிய டாய்லெட்டில் சீட் வைத்திருந்தால் காலுக்கு ஒரு முக்காலி போடுங்கள், முட்டி இடுப்பைவிடச் சற்று உயரமாக இருக்கட்டும். மலக்குடலைச் சுற்றியுள்ள தசை தளர இந்த நிலைதான் உதவும். சாப்பிட்ட அரை மணி நேரத்துக்குள் உட்கார வையுங்கள், வயிறு நிறைந்ததும் பெருங்குடல் தானாகவே அசையத் தொடங்கும். ஐந்து நிமிடம் போதும். வந்தாலும் வராவிட்டாலும் உட்கார்ந்ததற்கே பாராட்டுங்கள். ஃப்ளஷ் சத்தத்துக்குப் பயந்தால் அவள் வெளியே போன பிறகு தண்ணீர் விடுங்கள். கழுவும்போது முன்னாலிருந்து பின்னால், இதைப் பெண் குழந்தைக்கு இப்போதே பழக்கிவிடுங்கள்.

இரவில் படுக்கையை நனைப்பதை இதோடு சேர்க்காதீர்கள். அது வேறு வளர்ச்சி, ஐந்து வயது வரை நனைத்தாலும் கவலைப்பட வேண்டியதில்லை.

மலத்தில் ரத்தம், வயிறு உப்பி வாந்தி, எடை கூடாமை, உச்சா போகும்போது எரிச்சல், காய்ச்சல், ஓயாத தாகத்தோடு அடிக்கடி சிறுநீர், நன்றாக நடந்த குழந்தை கால் தடுமாறுவது, இவற்றில் ஏதாவது இருந்தால் உடனே காட்டுங்கள். பிறந்த முதல் இரண்டு நாளில் அவள் மலம் கழித்தாளா என்பதையும் நினைவுபடுத்தி மருத்துவரிடம் சொல்லுங்கள். மருத்துவரிடம் போகும்போது, எந்தெந்த நாள் ஆய் போனாள், கெட்டியா இளக்கமா என்று இரண்டு வாரக் குறிப்பு ஒன்று கையில் இருந்தால், மருந்தின் அளவை முடிவு செய்ய அவருக்கு எளிதாக இருக்கும்.