கொழுந்து லொறியிலிருந்து காருக்குக் கரன்ட் எடுக்கலாமா?

வாகனக் கேள்வி பதில்

கேள்வி: நான் கண்டியில் தாதியாக வேலை செய்கிறேன். 2012ஆம் ஆண்டு பிரியஸ் பிளக்-இன் கார் (பெற்றோலிலும் கரன்ட்டிலும் ஓடும், வீட்டில் வயர் குத்திச் சார்ஜ் ஏற்றும் ஹைபிரிட்) ஒன்றைப் போன வருடம் பழையதாக வாங்கினேன். சித்திரைப் புதுவருடத்துக்கு பொகவந்தலாவைக்கு வந்தபோது அதை மாமா வீட்டு வாசலில் நிறுத்தி, சார்ஜ் வயரையும் குத்திவிட்டு, அவசர டியூட்டிக்காக பஸ்ஸில் திரும்பிப் போய்விட்டேன். 23 நாள் கழித்து வந்து, அப்பாவை டிக்கோயா ஆஸ்பத்திரி கிளினிக்குக் கூட்டிப் போகலாம் என்று விடிய ஐந்து மணிக்குப் பார்த்தால் ரிமோட்டுக்குக் கதவு திறக்கவில்லை. கண்ணாடி வழியாகப் பார்த்தால், ரோட்டைப் பதிவு செய்ய உள்ளே பொருத்திய கெமராவின் விளக்குகூட அணைந்து கிடந்தது. வயரைக் கழற்றித் திரும்பக் குத்தியும் பலனில்லை. பக்கத்து அண்ணன் தேயிலைக் கொழுந்து ஏற்றும் லொறியைக் கொண்டுவந்து வயர் போட்டுப் பார்க்கலாம் என்றார், மாமா விடவில்லை. பிறகு வந்த மெக்கானிக் ஒருவர், ஹைபிரிட் பற்றரி செத்துவிட்டது, நாலரை இலட்சம் வரும், கெரியரில் ஏற்றிக் கண்டிக்குக் கொண்டுபோக வேண்டும் என்கிறார். அப்பாவை ஆட்டோவில்தான் அனுப்பினோம். நான் என்ன செய்வது?
- வாசகி, பொகவந்தலாவை

பதில்: தங்கச்சி, அந்த நாலரை இலட்சத்தை யாருக்கும் கொடுக்காதீர்கள். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் செத்திருப்பது டிக்கிக்குள் இருக்கும் சின்ன 12 வோல்ட் பற்றரி. கதவு லொக், விளக்கு, டேஷ்போர்ட், கொம்பியூட்டர்கள் எல்லாம் அதில்தான் வேலை செய்கின்றன. பெரிய பற்றரியில் பழுது என்றால் கார் கண் விழிக்கும், விழித்து எச்சரிக்கை விளக்கைக் காட்டும். இப்படிப் பேச்சு மூச்சில்லாமல் கிடக்காது.

பெரிய பற்றரி நிறைந்திருக்கும்போது கார் ஏன் செத்துக் கிடக்க வேண்டும் என்று கேட்பீர்கள். நான் 31 வருடம் தேயிலைத் தொழிற்சாலையில் எலக்ட்ரீஷியனாக இருந்தவன், அதை வைத்தே சொல்கிறேன். கொழுந்து அரைக்கும் ரோலர் மோட்டாருக்கு 400 வோல்ட் மூன்று ஃபேஸ் கரன்ட் வாசல்வரை வந்து நிற்கும். ஆனால் உள்ளே விடுவது பெனலில் இருக்கும் கொன்டக்டர் என்ற பெரிய சுவிட்ச். அதை இழுத்துப் பிடிப்பது ‘காயில்’ என்ற ஒரு சின்னக் கம்பிச் சுருள். அந்தக் காயிலுக்குக் கரன்ட் வராவிட்டால் 400 வோல்ட்டும் வாசலிலேயே நிற்க வேண்டியதுதான். உங்கள் காரும் அப்படித்தான். 200 வோல்ட்டுக்கு மேற்பட்ட பெரிய பற்றரி, காரை ஓஃப் பண்ணியதும் பாதுகாப்புக்காகத் தனியாகத் துண்டிக்கப்பட்டுவிடும். அதைத் திரும்ப இணைக்கும் ரிலேயை, அதாவது கரன்ட்டில் இயங்கும் சுவிட்சை, இழுப்பது சின்னப் பற்றரி. சின்னது செத்தால் பெரியதின் கதவைத் திறக்க ஆளில்லை. சுவரில் வயரைத் திரும்பக் குத்தியும் ஒன்றும் நடக்காததற்குக் காரணமும் இதுதான்: சார்ஜ் ஏறுவதற்கும் அந்த ரிலே இணைய வேண்டும்.

அந்த மெக்கானிக் வேண்டுமென்றே சொன்னார் என்று நான் சொல்லவில்லை. ஆனால் வோல்ட் அளக்கும் ஒரு மீற்றரை வைத்துக்கூடப் பார்க்காமல் இப்படி ஒரு தொகையைச் சொல்வது பெரிய பிழை. ஒரு தாதியின் எத்தனை மாதச் சம்பளம் அது!

இனி, காரைத் திறப்போம். ரிமோட்டின் பக்கத்தில் சின்ன நெம்பு இருக்கும். அதைத் தள்ளினால் உள்ளிருந்து இரும்புச் சாவி வரும். அது டிரைவர் கதவில் மட்டும் பொருந்தும். டிக்கிக்குச் சாவித் துவாரம் கிடையாது. வெளியிலிருந்து அதன் பூட்டு கரன்ட்டில்தான் திறக்கும் என்பதால் பற்றரி இருக்கும் இடத்துக்கு உங்களால் நேரடியாகப் போக முடியாது. பரவாயில்லை, பொனட் நெம்பு கேபிளில் இழுபடுவது, கரன்ட் வேண்டாம். பொனட்டைத் தூக்கி ஃபியூஸ் பெட்டியின் மூடியைக் கழற்றுங்கள். உள்ளே சிவப்பு மூடி போட்ட உலோக முனை ஒன்று இருக்கும். வேறு பற்றரியிலிருந்து கரன்ட் எடுக்க ஜம்ப் வயர் போடுவதற்கென்றே கம்பனி வைத்த பொசிட்டிவ் முனை அது.

அடுத்தது, கரன்ட் யாரிடம் எடுப்பது. உங்கள் மாமாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள், அவர் பெரிய செலவைத் தடுத்திருக்கிறார். பெரிய லொறி, பஸ் பெரும்பாலும் 24 வோல்ட், இரண்டு பற்றரியைத் தொடுத்துப் போட்டிருப்பார்கள். ஜப்பான் கன்டர் போன்ற சின்ன லொறிகளிலும் 24 வோல்ட் உண்டு. அதை உங்கள் காரின் 12 வோல்ட்டில் கொடுத்தால் கொம்பியூட்டர்கள் எரிந்துபோகும். அப்போதுதான் உண்மையாகவே இலட்சக் கணக்கில் போகும். அப்பாவைக் கூட்டிப்போன அந்த ஆட்டோவே போதும். அதில் இருப்பது 12 வோல்ட் பற்றரி. அவ்வளவு சின்னது காரைக் கிளப்புமா என்ற சந்தேகம் வரும். சாதாரண பெற்றோல் காரில் 12 வோல்ட் பற்றரி எஞ்சினையே சுழற்ற வேண்டும். உங்கள் காரில் ஸ்டார்ட்டர் மோட்டார் கிடையாது. கொம்பியூட்டரை எழுப்பி ரிலேயை இழுத்தால் போதும், மிச்சத்தைப் பெரிய பற்றரி பார்த்துக்கொள்ளும்.

முதலில் ஆட்டோவை ஓஃப் பண்ணச் சொல்லுங்கள். சிவப்பு வயரை உங்கள் காரின் அந்த முனையில் பிடியுங்கள், மறு முனையை ஆட்டோ பற்றரியின் பொசிட்டிவில். கறுப்பு வயரை ஆட்டோ பற்றரியின் நெகட்டிவில் பிடித்து, கடைசி முனையை உங்கள் காரில் பெயின்ட் இல்லாத உலோக போல்ட் ஒன்றில் பிடியுங்கள். சிவப்பும் கறுப்பும் மாறினால் ஃபியூஸ் போவதோடு நிற்காது, ஆகையால் அவசரம் வேண்டாம், டோர்ச் அடித்துப் பாருங்கள். செம்மஞ்சள் நிற வயர் எதையும் தொடக் கூடாது, அதெல்லாம் பெரிய பற்றரியின் வழி. நாலைந்து நிமிடம் பொறுத்து, பிரேக்கை மிதித்துப் பவர் பட்டனை அழுத்துங்கள். ரெடி என்ற விளக்கு வரும். சத்தம் வராது! இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். எஞ்சின் உறுமவில்லையே, ஸ்டார்ட் ஆகவில்லை என்று நினைத்துத் திரும்பத் திரும்ப அழுத்துவார்கள். ரெடி விளக்கு எரிந்தால் கார் உயிரோடு இருக்கிறது. வயரைப் போட்டதற்கு எதிர் வரிசையில் கழற்றுங்கள்.

அதன் பிறகு குறைந்தது ஒரு மணி நேரம் காரை ரெடியில் விடுங்கள், அல்லது ஹட்டன்வரை ஒரு சுற்றுப் போய் வாருங்கள். ரெடியில் இருக்கும்போது பெரிய பற்றரி 14 வோல்ட் அளவில் சின்னதுக்கு ஊட்டும். பிரேக்கை மிதிக்காமல் பட்டனை அழுத்தி ரேடியோவை மட்டும் போட்டு வைத்தால் ஊட்டாது, இருப்பதையும் தின்னும். வெளியில் நிறுத்தி இதைச் செய்யுங்கள், எஞ்சின் தானாகவே இடையில் ஓடும். மூடிய கராஜில் அந்தப் புகை உயிரைக் குடிக்கும்.

சரி, ஏன் செத்தது? அந்தக் கெமராவைத்தான் சந்தேகிக்கிறேன். கார் நிற்கும்போதும் பதிவு செய்யும்படி ஃபியூஸ் பெட்டியிலிருந்து நேரே வயர் இழுத்திருப்பார்கள். அது கால் அம்பியர் இழுத்தாலும் நாளுக்கு 6 அம்பியர் மணி. உங்கள் பற்றரி புதிதாக இருந்தபோதே 45 அம்பியர் மணி அளவுதான், ஒரு வாரத்தில் காலி. நீங்கள் விட்டுப் போனது 23 நாள். ரிமோட்டைத் தேடிக்கொண்டிருக்கும் ரிசீவர், அலாரம் எல்லாம் சேர்ந்து இழுப்பது அதைவிடக் குறைவு, ஆனால் அவையும் உண்டு. வயரைக் குத்தி வைத்ததும் காப்பாற்றாது. பெரிய பற்றரி நிறைந்ததும் சார்ஜ் நின்றுவிடும், சின்னதுக்கும் ஊட்டல் நிற்கும். சில பிளக்-இன் கார்களில், வயர் குத்தியே இருந்தால் கொம்பியூட்டர் அடிக்கடி விழித்துப் பார்த்துச் சின்னப் பற்றரியை இன்னும் சீக்கிரம் குறைத்துவிடும். நிறைந்ததும் கழற்றிவிடுங்கள்.

ஒரு மீற்றர் வாங்கி வையுங்கள். காரை ஓஃப் பண்ணி இரவு முழுக்க விட்டு, காலையில் பார்க்கும்போது 12.6 வோல்ட்டுக்கு மேல் இருந்தால் நல்லது. 12.2 என்றால் பாதி. 11.8 என்றால் அது காலி. ஈயப் பற்றரி காலியாகக் கிடந்த ஒவ்வொரு நாளும் உள்ளே உப்புப் படிந்து கெடும். நான் நேரில் பார்க்கவில்லை, ஆனாலும் உங்கள் பற்றரியை மாற்றிவிடுங்கள் என்றே சொல்வேன். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தி, 2025இல்தான் தனியார் கார்களுக்குத் திறந்தார்கள். அந்த இடைவெளியில் நம் ரோட்டில் ஓடும் கார்கள் எல்லாம் வயசாகிவிட்டன, சின்னப் பற்றரிகளும் கூடவே.

வாங்கும்போது சாதாரண கார் பற்றரியைத் தலையில் கட்டிவிடுவார்கள், கவனம். உங்களுடையது டிக்கிக்குள், அதாவது ஆட்கள் மூச்சு விடும் இடத்தில் இருக்கிறது. அதனால் அது வாயுவை வெளியே கொண்டுபோகும் குழாய் பொருந்துகிற ஏ.ஜி.எம். (அமிலம் தளும்பாமல் கண்ணாடி நார்ப் பாயில் ஊறியிருக்கும்) வகையாக இருக்க வேண்டும். பழையதின் மேல் எஸ் 46 பி 24 ஆர் போல ஒரு குறியீடு இருக்கும், அதைப் போனில் படம் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். கடைசி எழுத்து பொசிட்டிவ் எந்தப் பக்கம் என்பதைச் சொல்கிறது. மாறினால் வயர் எட்டாது. புதியதைப் போட்ட பிறகு அந்தக் குழாயை மாட்டினார்களா என்று நீங்களே குனிந்து பாருங்கள்.

அப்புறம், கண்டியில் இருக்கும் நாட்களில் மாமாவிடம் சாவியைக் கொடுத்து, வாரத்துக்கு ஒரு முறை ஒரு மணி நேரம் ரெடியில் போடச் சொல்லுங்கள். கெமரா வயரை, காரை ஓன் பண்ணினால் மட்டும் கரன்ட் வரும் ஃபியூஸுக்கு மாற்றிவிடுங்கள். அப்பாவின் அடுத்த கிளினிக்குக்கு முதல் நாள் இரவே காரை ஒரு தடவை எழுப்பிப் பாருங்கள்.

கேள்வி: என் ஹைபிரிட் காரிலிருந்து தம்பியின் வேனுக்கு ஜம்ப் கொடுக்கலாமா?
- வாசகர், ஹப்புத்தளை

பதில்: வேண்டாம். வேன் ஸ்டார்ட்டர் இழுக்கும் கரன்ட் நூறு அம்பியரைத் தாண்டும். உங்கள் சின்னப் பற்றரியும் அதற்கு ஊட்டும் கருவியும் அதற்காகச் செய்தவை இல்லை. தம்பிக்கு வேறு வேனைத் தேடிக் கொடுங்கள்.

கேள்வி: எங்கள் வீடு ஏற்றத்தில். பழைய லொறியை இறக்கத்தில் உருட்டி ஸ்டார்ட் பண்ணுவதுபோல, பற்றரி செத்த பிளக்-இன் காரையும் உருட்டலாமா?
- வாசகர், நானுஓயா

பதில்: முடியாது, முயலவும் கூடாது. பிரியஸ் போன்ற கார்களில் பார்க்கிங் லொக்கைப் போடுவதும் எடுப்பதும் கரன்ட். பற்றரி செத்தால் பார்க்கிங் நிலையான ‘பி’யிலேயே பூட்டிக் கிடக்கும், நியூட்ரலுக்கு வராது. எப்படியோ உருண்டுவிட்டால் இன்னும் ஆபத்து: ஸ்டியரிங் இறுகும், பிரேக்குக்கு உதவியும் குறையும். உங்கள் வளைவுகளில் அதை நினைத்தே பார்க்க வேண்டாம். முன் சக்கரம் தரையில் உருள இழுத்துப் போகவும் விடாதீர்கள், உள்ளே இருக்கும் மோட்டார் கரன்ட் உண்டாக்கிக் கெடுக்கும். ஏற்றி இறக்க வேண்டுமென்றால் நாலு சக்கரமும் மேலே ஏறும் கெரியர்தான்.

ஜனவரியில் உங்கள் பக்கம் புல்லில் உறைபனி விழும் காலைகளில் பற்றரியின் பலம் இன்னும் குறையும், டிசம்பரிலேயே மீற்றர் வைத்துப் பாருங்கள். இறக்கத்தில் நிறுத்தும்போது ‘பி’யை மட்டும் நம்பாமல் காலால் அழுத்திப் போடும் பார்க்கிங் பிரேக்கையும் போட்டு, சக்கரத்துக்குக் கீழே ஒரு கல்லும் வையுங்கள்.