விறகா, கேஸா? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: கானாடுகாத்தானில் எங்கள் பழைய வீட்டைப் பழுது பார்க்கிறோம். பின்கட்டு அடுப்படியில் இருக்கும் கோட்டை அடுப்பை (அண்டா ஏற்றும் பெரிய விறகடுப்பு) இடித்துவிட்டு முழுக்க கேஸ் வைத்துவிடலாமா? முன்னோர் படைப்பு, கல்யாணம் என்றால் நூறு பேருக்குச் சமைக்க வேண்டியிருக்கும். அப்பத்தா விறகடுப்பு இருக்கட்டும் என்கிறார்கள்.
– வாசகி, காரைக்குடி

பதில்: அப்பத்தா சொல்வது சரி. அடுப்பை இடிக்காதீர்கள். ஆனால் அன்றாடச் சமையலுக்கு அதை மூட்டவும் வேண்டாம்.

நல்ல கேஸ் அடுப்பு, எரியும் வாயுவின் சூட்டில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கைப் பாத்திரத்துக்குக் கொடுக்கிறது. திறந்த விறகடுப்பில் பாத்திரத்துக்குப் போவது பத்தில் ஒரு பங்கு. நன்றாகக் கட்டியிருந்தால் கொஞ்சம் கூடும். மிச்சமெல்லாம் சுவருக்கும் புகைக்கும்தான். 14.2 கிலோ சிலிண்டர் ஒன்று செய்யும் வேலைக்குச் சாதாரண விறகடுப்பில் 200 கிலோவுக்கு மேல் காய்ந்த விறகு வேண்டும். தினமும் அதைச் சுமந்து, புகையை விழுங்கி, நாலு பேருக்குக் குழம்பு வைப்பதில் அர்த்தமில்லை.

பலகாரத்துக்கும் கேஸ்தான் நல்லது. அதிரசத்துக்கு எண்ணெய் ஒரே மிதமான சூட்டில் நிற்க வேண்டும். சூடு ஏறினால் மேலே கறுத்து உள்ளே வேகாமல் நிற்கும். தேன்குழலும் மணகோலமும் அதைவிடக் கூடுதல் சூட்டில் வேக வேண்டும். விறகில் கட்டையை வெளியே இழுத்தாலும் தணல் சூட்டைக் கொடுத்துக்கொண்டே இருக்கும். எண்ணெய் தீப்பற்றினால் கேஸைத் திருகி மூடிவிட்டு மேலே தட்டைப் போட்டு அமுக்கலாம். தண்ணீர் மட்டும் ஊற்றக் கூடாது.

கோட்டை அடுப்பு தேவைப்படுவது அண்டாவுக்குத்தான். அகன்ற அண்டாவை வீட்டு பர்னரில் ஏற்றினால் நடுவில் மட்டும் சூடு விழும். பருப்பு அங்கே அடிப்பிடிக்கும், ஓரத்தில் வேகாது. விறகுத் தீ அடி முழுவதும் பரவும். விசேஷத்துக்கும் கேஸேதான் என்றால் பெரிய பர்னரும் 19 கிலோ வணிகச் சிலிண்டரும் எடுங்கள். பெரிய பர்னரை ஒரே சிலிண்டரில் மணிக்கணக்கில் எரித்தால் சிலிண்டர் குளிர்ந்து, அடியில் பனி பூத்து, தீ சுருங்கிவிடும். அப்போது சிலர் சிலிண்டரைப் படுக்க வைக்கிறார்கள். ஆவிக்குப் பதில் திரவமே குழாயில் வந்து தீ பாய்ந்துவிடும், ஒருக்காலும் செய்யாதீர்கள். இரண்டு சிலிண்டர்களைச் சேர்த்து இணைத்தாலே இந்தச் சிக்கல் வராது.

நம் செட்டிநாட்டு வீடுகளில் கட்டாயம் பார்க்க வேண்டியது நிலைப்படி. சிலிண்டர் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு படரும். நம் வீட்டு உயரமான நிலைப்படிகள் அதை வெளியே போகவிடாமல் அடுப்படிக்குள்ளேயே தேக்கிவிடும். மேலே ஜன்னல் இருந்து பயனில்லை. அடுப்படியின் வெளிச்சுவரில் தரை மட்டத்தில் சுமார் ஆறு அங்குலத்துக்கு ஒரு துவாரம் விட்டு, எலி நுழையாமல் வலை வையுங்கள். சிலிண்டரை வெளியில் நிழலில் நிறுத்திக் குழாய் வழியாகக் கொண்டுவருவது இன்னும் உத்தமம். அடுப்போடு சேரும் ரப்பர் குழாய் ஒன்றரை மீட்டருக்கு மேல் வேண்டாம். ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை மாற்றுங்கள்.

கோட்டை அடுப்புக்கு மேலே தேக்கு உத்தரமோ ஓட்டுச் சட்டமோ இருந்தால், அடுப்பைத் தோட்டத்துப் பக்கத் தாழ்வாரத்துக்கு மாற்றிவிடுங்கள். அங்கே இடமில்லை என்றால் தகரப் புகைக்குழாய் மரத்திலிருந்து எல்லாப் பக்கமும் 18 அங்குலம் தள்ளியிருக்க வேண்டும். குழாயின் வாய், கூரையைத் துளைக்கும் இடத்திலிருந்து மூன்றடியாவது மேலே போக வேண்டும். பத்தடிக்குள் அதைவிட உயர்ந்த கூரையோ சுவரோ இருந்தால் அதற்கும் மேலே இரண்டடி. இரண்டு கட்டுக் கூரை பக்கத்தில் நிற்கும் வீடுகளில் இந்த இரண்டாவது கணக்கை விட்டுவிட்டுத்தான் பலர் புகை திரும்புகிறது என்று அவதிப்படுகிறார்கள்.

கேள்வி: புகைபோக்கி வைத்தும் புகை உள்ளேயே சுற்றுகிறது. குழாயிலிருந்து தார் மாதிரி கறுப்பாக வடிகிறது. விறகு சீமைக்கருவேலம்தான்.
– வாசகர், தேவகோட்டை

பதில்: சீமைக்கருவேலம் நல்ல விறகு; பச்சையாக எரித்திருப்பீர்கள். வெட்டியவுடன் மரத்தின் எடையில் பாதிவரை தண்ணீராக இருக்கலாம். தீயின் சூட்டில் ஒரு பங்கு அதைக் கொதிக்க வைக்கவே போய்விடும். அரைகுறையாக எரிந்த புகை குளிர்ந்த குழாயில் ஒட்டுவதுதான் அந்தத் தார். சேர்ந்துவிட்டால் ஒரு நாள் குழாய்க்குள்ளேயே தீப்பற்றும். ஆகவே முதலில் குழாயைக் கழற்றிச் சுரண்டுங்கள்.

விறகை மணிக்கட்டுக் கனத்துக்குப் பிளந்து, மழை படாமல் காற்றோட்டமாக ஆறு மாதம் அடுக்கி வையுங்கள். முனையில் வெடிப்பு விட்டு, இரண்டு கட்டைகளைத் தட்டினால் 'டங்' என்று கேட்டால் காய்ந்துவிட்டது. அடியில் இரும்புக் கம்பித் தட்டு வைத்தால் சாம்பல் விழுந்து காற்று கீழிருந்து ஏறும். அரளிக் கட்டையை எரிக்கக் கூடாது, புகையே விஷம். இடித்த வீட்டின் வர்ணம் பூசிய நிலை, ஜன்னல் மரங்களும் அடுப்புக்கு ஆகாது, பழைய வர்ணத்தில் ஈயம் இருக்கும். சுவரின் சுண்ணாம்புப் பூச்சில் படிந்த கரியை உலர்ந்த தூரிகையால் எடுங்கள். ஆசிட் பட்டால் பூச்சே அரிக்கும்.

கேள்வி: கொடைக்கானல் வீட்டில் பழைய கணப்பு (குளிர்காயச் சுவரில் கட்டிய அடுப்பு) இருக்கிறது. விறகுக்குப் பதில் கேஸ் வைக்கலாமா?
– வாசகர், பள்ளத்தூர்

பதில்: எப்போதாவது ஒரு வாரம் தங்கினால் விறகே போதும். திறந்த கணப்பில் சூட்டின் பெரும்பகுதி புகைபோக்கி வழியாகப் போய்விடும், அழகுக்குத்தான் அது. ஒவ்வொரு பருவமும் மூட்டும் முன் பறவைக் கூடு, கரி அடைத்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். மாதக்கணக்கில் தங்குவதானால் கேஸ் வசதிதான். வெளிக்காற்றை இழுத்து, புகையையும் வெளியே தள்ளும் மூடிய வகையை வாங்குங்கள். பழைய கணப்புக்குள் கேஸ் பர்னர் வைத்தால் புகைபோக்கியின் அடைப்புத் தகடு முழுக்க மூடாதபடி பூட்டி வைக்க வேண்டும். மூடினால் கார்பன் மோனாக்சைடு அறைக்குள் நிற்கும். அதற்கு மணமும் கிடையாது, நிறமும் கிடையாது. அதைக் கண்டறியும் அலாரம் ஒன்றைப் படுக்கையறையில் மாட்டுங்கள். கரி அடுப்பை மூடிய அறையில் வைத்துக்கொண்டு தூங்குவதும் இதே காரணத்தால் உயிரைப் பறிக்கும். கடுங்குளிரில் கேஸின் அழுத்தம் குறைந்து தீ சிறுத்தால், சிலிண்டரைச் சூடாக்க முயலாமல் வெயில் வரும்வரை பொறுங்கள்.