பதவியில் இருக்கும் எம்.பி.யை அவருடைய சொந்தக் கட்சிக்காரர்களே தோற்கடிக்க முடியுமா? அமெரிக்காவில் அது எப்படி நடக்கிறது?

முடியும். அதிபரே அந்த எம்.பி. பக்கம் நின்றாலும் முடியும்.

இதற்கு நான் எப்போதும் சொல்லும் உதாரணம் மிச்சிகனின் ஜோ ஷ்வார்ட்ஸ். குடியரசுக் கட்சிக்காரர், அதில் மிதவாதி. 2004-இல் கட்சிக்குள் 28 சதவீத ஓட்டு வாங்கி ஜெயித்தார். 2006-இல் 47 சதவீதம் வாங்கித் தோற்றார். ஆளும் அதே ஆள்தான், தொகுதியும் அதே தொகுதிதான்.

நம்ம ஊரில் யாருக்கு சீட் என்பதைத் தலைமை முடிவு செய்யும். பட்டியல் வெளியாகும் நாள் வரை சிட்டிங் எம்.பி.க்கே தூக்கம் வராது. இங்கே அந்த வேலையை வாக்காளர்களிடம் விட்டுவிட்டார்கள். அதுதான் பிரைமரி. நான் மிச்சிகனில்தான் இருக்கிறேன். ஆகஸ்ட் முதல் வாரம் ஒரு செவ்வாய்க்கிழமை ஓட்டுச்சாவடிக்குப் போனால், நீளமான ஒரு தாளைக் கொடுப்பார்கள். ஒரு பத்தியில் குடியரசுக் கட்சிப் பெயர்கள், பக்கத்துப் பத்தியில் ஜனநாயகக் கட்சிப் பெயர்கள். நீங்கள் எந்தக் கட்சி என்று யாரும் கேட்க மாட்டார்கள். கட்சியின் பெயரில் பதிவு செய்துகொள்ளும் வழக்கமே இந்த மாநிலத்தில் இல்லை. எந்தப் பத்தியில் வேண்டுமானாலும் போடலாம், ஆனால் ஒரே பத்தியில்தான் போட வேண்டும். ஆசைப்பட்டு இரண்டிலும் வட்டத்தைக் கறுப்பாக்கினால் கட்சிப் பகுதி முழுக்கச் செல்லாமல் போய்விடும்.

இன்னொரு விதிதான் இந்தக் கதைக்கு அச்சாணி. பாதிக்கு மேல் வாங்க வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது, இரண்டாம் சுற்றும் கிடையாது. யாருக்கு அதிகமோ அவர்தான் வேட்பாளர்.

இனி ஆளைப் பார்ப்போம். ஷ்வார்ட்ஸ் வளர்ந்தது பேட்டில் கிரீக்கில். கெல்லாக்ஸ் கார்ன்ஃப்ளேக்ஸ் பிறந்த ஊர். ஐ-94 நெடுஞ்சாலையில் அந்தப் பக்கம் போகும்போது, காற்று சரியாக அடித்தால் வறுத்த தானிய வாசம் காருக்குள் வரும். தொழிலில் அவர் காது மூக்கு தொண்டை அறுவைசிகிச்சை நிபுணர். வியட்நாம் போரில் கடற்படை மருத்துவராக இருந்தவர், பிறகு சிஐஏவுக்காகத் தென்கிழக்கு ஆசியாவில் வேலை பார்த்தவர். எழுபதுகளில் ஊர் திரும்பி மருத்துவம் பார்த்துக்கொண்டே நகர சபைக்குள் போனார். மேயர் ஆனார். 1987-இல் மாநில செனட்டுக்குப் போய் 2002 வரை பதினாறு வருடம் அங்கேயே இருந்தார். அதில் பெரும்பகுதி, தலைவர் இல்லாதபோது அவையை நடத்தும் தற்காலிகத் தலைவர் பதவி. பல்கலைக்கழகங்களுக்கு மாநிலம் எவ்வளவு பணம் தரும் என்பதைப் பேசி முடிக்கும் ஒதுக்கீட்டுத் துணைக்குழுவும் அவர் கையில் இருந்தது. தலைப்புச் செய்தியில் வராத பொறுப்பு. ஆனால் கல்லூரி ஊர்களில் அவர் பெயர் பதிந்தது இதனால்தான்.

அவர் எந்த மாதிரிக் குடியரசுக் கட்சிக்காரர்? கஜானா விஷயத்தில் கட்டுப்பாடு வேண்டும் என்பவர். துப்பாக்கி உரிமை அமைப்பான என்ஆர்ஏவே ஆதரித்த ஆள். ஆனால் கருக்கலைப்பு அந்தப் பெண்ணின் முடிவு என்றார். கருமூல ஸ்டெம் செல் ஆராய்ச்சிக்கு அரசுப் பணம் வேண்டும் என்று மருத்துவராகவே வாதாடினார். அறுபதுகளில் மிச்சிகன் கவர்னராக இருந்த ஜார்ஜ் ராம்னியின் காலத்தில் இப்படிப்பட்ட ஆள் கட்சியில் சர்வசாதாரணம். தொண்ணூறுகளில் அந்த வகை அருகிவிட்டது.

அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸுக்கு அவருடைய முதல் முயற்சி 1992. கட்சியின் பிரைமரியில், தன்னுடன் மாநில செனட்டில் இருந்த நிக் ஸ்மித்திடம் தோற்றார். ஸ்மித் விவசாயி, செலவுக்குக் கடும் எதிரி. பன்னிரண்டு வருடம் அந்த இடத்தில் உட்கார்ந்துவிட்டார்.

இடையில் நடந்த ஒன்றைச் சொல்லாமல் விட்டால் பின்னால் நடந்தது புரியாது. 2000-இல் ஜான் மெக்கெய்ன் அதிபர் வேட்பாளராக முயன்றபோது மிச்சிகன் பிரசாரத்தை முன்நின்று நடத்தியவர்களில் ஷ்வார்ட்ஸ் ஒருவர். கவர்னர் ஜான் எங்க்லரும் கட்சி நிர்வாகிகளும் புஷ் பக்கம். மிச்சிகன் புஷ்ஷுக்குக் கோட்டை என்றே பேசிக்கொண்டிருந்தார்கள். ஆனால் மேலே சொன்ன அந்த யாரும் வரலாம் விதி இருக்கிறதே! அன்று குடியரசுக் கட்சிப் பிரைமரியில் ஓட்டுப் போட்டவர்களில் சுமார் பாதிப் பேர் கட்சிக்காரர்களே அல்ல. மெக்கெய்ன் ஜெயித்தார், எங்க்லர் முகத்தில் கரி. அதைக் கட்சியின் வலதுசாரிகள் மறந்திருக்க மாட்டார்கள் என்பது என் ஊகம். 2002-இல் பதவிக்கால வரம்புச் சட்டத்தால் ஷ்வார்ட்ஸ் மாநில செனட்டை விட்டு வெளியேற வேண்டி வந்தது. கவர்னர் பதவிக்கு முயன்று கட்சிக்குள்ளேயே படுதோல்வி.

அதோடு முடிந்திருக்க வேண்டிய அரசியல் வாழ்க்கை. முடியாமல் போனதற்குக் காரணம் வாஷிங்டனில் ஒரு ராத்திரி.

2003 நவம்பர் 22. மூத்த குடிமக்களின் மெடிகேர் திட்டத்தில் மருந்துச் செலவையும் சேர்க்கும் மசோதா. அதிகாலை மூன்று மணிவாக்கில் வாக்கெடுப்பு தொடங்கியது. வழக்கமாகக் கால்மணி நேரத்தில் முடிவது. ஆளுங்கட்சிக்கு எண்ணிக்கை வரவில்லை என்றதும் அப்படியே திறந்து வைத்துக்கொண்டு, கிட்டத்தட்ட மூன்று மணி நேரம் உறுப்பினர்களை ஒவ்வொருவராக மடக்கினார்கள். கடைசியில் 220-க்கு 215 என்று நிறைவேற்றியும் விட்டார்கள். ஓய்வு பெறப்போகும் நிக் ஸ்மித் அசையவில்லை. செலவு அதிகம், எதிர்த்துத்தான் போடுவேன் என்று நின்றார். அவருடைய இடத்துக்கு மகன் பிராட் ஸ்மித் போட்டியிடத் தயாராகிக்கொண்டிருந்த நேரம் அது. மகனுக்குத் தேர்தலில் உதவுகிறோம், இல்லாவிட்டால் எதிராக வேலை செய்வோம் என்கிற பாணியில் பேரம் நடந்ததாக ஸ்மித் பின்னால் சொல்ல, விவகாரம் சபையின் நெறிமுறைக் குழுவுக்குப் போனது. ஓட்டை மாற்றினால் மகனை ஆதரிக்கிறேன் என்று அவையில் பெரும்பான்மைக் கட்சித் தலைவராக இருந்த டாம் டிலே சொன்னது உண்மை என்று 2004-இல் குழு கண்டித்தது. ஸ்மித்துக்கும் கண்டனம், மிகைப்படுத்திப் பேசியதற்காக.

அந்தத் தகப்பனின் மகனுக்குக் கட்சி மேலிடத்தின் முழு ஆசி கிடைக்குமா? 2004 ஆகஸ்ட் பிரைமரியில் மொத்தம் ஆறு பேர். பிராட் ஸ்மித், முன்னாள் போதகரும் முன்னாள் மாநிலச் சட்டசபை உறுப்பினருமான டிம் வால்பெர்க், மாநிலச் சட்டசபையில் இருந்த இன்னும் மூன்று பேர், அப்புறம் ஷ்வார்ட்ஸ். அந்த ஐந்து பேரும் யார் அதிகம் கன்சர்வேடிவ் என்று ஒரே வாக்காளர் கூட்டத்துக்காக அடித்துக்கொண்டார்கள். ஷ்வார்ட்ஸின் கூட்டத்தைத் தொடக்கூட ஆள் இல்லை. 28 சதவீதம் போதுமாக இருந்தது. நவம்பர் பொதுத்தேர்தலில் எளிதாக ஜெயித்து, 67 வயதில் முதல்முறை காங்கிரஸுக்குப் போனார்.

அவர் வெற்றியில் ஒளிந்திருந்த கணக்கு எல்லோருக்கும் தெரிந்ததுதான். கட்சிக்குள் பத்தில் ஏழு பேர் வேறு யாருக்கோ போட்டிருக்கிறார்கள். அந்த ஏழு பேரையும் ஒரே ஆள் பின்னால் நிறுத்தினால் கதை முடிந்தது. வாஷிங்டனில் கிளப் ஃபார் குரோத் என்று ஓர் அமைப்பு. வரிக்குறைப்பில் வழுக்குகிற குடியரசுக் கட்சிக்காரர்களைத் தேடிப்பிடித்து, அவர்களுக்கு எதிராகக் கட்சிக்குள்ளேயே ஆள் நிறுத்திப் பணம் திரட்டித் தருவது அதன் வேலை. 2006-இல் அது வால்பெர்க்கைத் தேர்ந்தெடுத்தது. கருக்கலைப்பு எதிர்ப்பு அமைப்புகளும் அவர் பின்னால். மற்றவர்கள் ஒதுங்கிக்கொள்ள, நேருக்கு நேர் போட்டி.

ஷ்வார்ட்ஸ் பக்கம் அதிபர் புஷ், மெக்கெய்ன், என்ஆர்ஏ. பெயர்களைப் பார்த்தால் தோற்கிற கூட்டணியா இது? ஆகஸ்ட் 8 அன்று வால்பெர்க் 53, ஷ்வார்ட்ஸ் 47. ஆறரை லட்சம் பேர் வாழும் தொகுதியில் அந்தப் பிரைமரிக்கு வந்து ஓட்டுப் போட்டவர்கள் 60,000 சொச்சம்தான். பணம்தான் தோற்கடித்தது என்று பலர் எழுதினார்கள். எனக்கு அதில் முழு உடன்பாடில்லை. 2004-இலும் பணம் இருந்தது. இல்லாதது எதிரணி ஒற்றுமை. 2000-இல் மெக்கெய்னுக்காகக் கட்சி தாண்டி வந்தவர்கள் 2006-இல் ஷ்வார்ட்ஸுக்காக ஏன் வரவில்லை என்பதுதான் எனக்கு முக்கியமான கேள்வி. அது பிப்ரவரியில் நாடே பார்த்த போட்டி. இது கோடை விடுமுறையில் ஏரிக்கரைக்குப் போய்விட்ட நேரம். தீவிரப் பற்றுள்ளவன்தான் ஆகஸ்டில் மறக்காமல் வருவான்.

ஒரு வேடிக்கை. இதே தொகுதியில்தான் ஜாக்சன் நகரம் இருக்கிறது. 1854 ஜூலை 6-இல் ஓக் மரங்களுக்கு அடியில் கூட்டம் போட்டுக் குடியரசுக் கட்சியைத் தொடங்கியது இங்கேதான் என்று அந்த ஊர்க்காரர்கள் சொல்வார்கள். அதிபர் டாஃப்ட் 1910-இல் வந்து திறந்துவைத்த நினைவுக்கல் இன்றும் ஒரு தெருமுனையில் இருக்கிறது. விஸ்கான்சினின் ரிப்பன் ஊர்க்காரர்களிடம் சொன்னால் சண்டைக்கு வருவார்கள். அவர்களுக்கும் அதே உரிமைக் கோரிக்கை உண்டு.

அதே ஆகஸ்ட் 8 அன்று கனெக்டிகட்டில் செனட்டர் ஜோ லீபர்மனும் தன் ஜனநாயகக் கட்சியின் பிரைமரியில் தோற்றார். அவர் சுயேச்சையாக நின்று நவம்பரில் ஜெயித்துவிட்டார். மிச்சிகன் சட்டத்தில் அதற்கு வழியில்லை. பிரைமரியில் தோற்றவர் பெயர் அதே வருடப் பொதுத்தேர்தல் ஓட்டுச்சீட்டில் வர முடியாது. நவம்பரில் வால்பெர்க் ஜெயித்தார், ஆனால் பாதி ஓட்டைக்கூடச் சரியாகத் தொடவில்லை. எதிரில் நின்றவர் கையில் பெரிதாகப் பணமில்லாத ஓர் இயற்கை விவசாயி, ஷரன் ரெனியர்.

2008-இல் ஷ்வார்ட்ஸ் கட்சி எல்லையைத் தாண்டி ஜனநாயகக் கட்சியின் மார்க் ஷாவரை ஆதரித்தார். இருவரும் பேட்டில் கிரீக் அரசியல்வாதிகள், பழகியவர்கள். ஷாவர் ஜெயித்தார். 2010-இல் அடித்த குடியரசுக் கட்சி அலையில் வால்பெர்க் திரும்ப வந்து தொகுதியைப் பிடித்தார்.

மிச்சிகனில் இது தொடர்கிறது. 2021-இல் டிரம்ப்பின் பதவிநீக்கத் தீர்மானத்துக்கு ஆதரவாக ஓட்டுப் போட்ட குடியரசுக் கட்சி எம்.பி. பீட்டர் மெய்ஜர் அடுத்த வருடப் பிரைமரியில் விழுந்தார். அவரை வீழ்த்தியவர் நவம்பரில் தோற்க, அந்த கிராண்ட் ரேபிட்ஸ் தொகுதி ஜனநாயகக் கட்சிக்குப் போனது. அப்படியே ஓட்டுப் போட்ட இன்னொருவர் ஃபிரெட் அப்டன். முப்பத்தாறு வருட எம்.பி., போட்டியிடாமலே ஒதுங்கிக்கொண்டார். மாறாக அலாஸ்காவில் விதியையே மாற்றினார்கள். கட்சி பேதமில்லாமல் எல்லோரும் ஒரே பிரைமரி, முதல் நான்கு பேர் நவம்பருக்கு, அங்கே வேட்பாளர்களை 1, 2, 3 என்று வரிசைப்படுத்திப் போடும் விருப்ப வரிசை ஓட்டு. அந்த முறையில்தான் குடியரசுக் கட்சி செனட்டர் லீசா மர்கவ்ஸ்கி 2022-இல் தப்பினார்.

ஷ்வார்ட்ஸ் 2012-இல் ஜனநாயகக் கட்சிச் சார்பில் நிற்கலாமா என்று யோசித்து, வேண்டாம் என்று விட்டுவிட்டார். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பொதுக்கொள்கை மாணவர்களுக்குப் பாடம் எடுத்தார். வால்பெர்க் இன்னும் காங்கிரஸில்தான் இருக்கிறார். 2025 ஜனவரியிலிருந்து கல்வி, தொழிலாளர் குழுவுக்கு அவர்தான் தலைவர்.